அறுபத்தொரு வயதில் ரொறன்ரோ மேடை: மூன்று இலட்சத்துக்கு ஒப்புக்கொள்வதா?

கேள்வி: எனக்கு 61 வயது, ஊர் கல்லடி. 1981இல் தொடங்கிய எங்கள் இசைக்குழுவில் லீட் கிற்றார் வாசித்தேன். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று கோயில் திருவிழா, கலியாணவீடு, கார்னிவல் எல்லாம் பார்த்தாயிற்று. 1984இல் சொந்தமாக நாலு பாட்டுச் செய்து கசற்றும் போட்டோம். அதில் இரண்டுக்கு மெட்டு என்னுடையது. பாடகர், பேஸ்காரர், ட்ரம்ஸ்காரர் மூவரும் இப்போது கனடாவில். கீபோர்ட் வாசித்த நண்பர் காலமாகிவிட்டார். அடுத்த ஜூலையில் ரொறன்ரோவில் பழைய குழுவைச் சேர்த்து ஒரு நிகழ்ச்சி வைக்கிறார்களாம். விமான டிக்கெட், தங்குமிடம், கைக்கு மூன்று இலட்சம் ரூபாய் என்கிறார்கள். இலண்டனிலும் ஒன்று பேசுகிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? ரொக் இசைக்காரர் எண்பது வயதிலும் கோடி கோடியாக உழைக்கிறார்களே, எப்படி? அதில் எனக்கு எடுத்துக்கொள்ள ஏதும் உண்டா? இங்கே தனியாக வாசித்து உழைக்க வழி இருக்கிறதா? மருமகன் யூடியூப்பில் போடச் சொல்கிறார்.

பதில்: அன்புள்ள ஐயா,

மூன்று இலட்சம் மோசமான தொகை இல்லை. அதை ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு வந்துவிடுவதில்தான் பிழை இருக்கிறது. கணக்கைப் பிறகு போடுகிறேன். முதலில் நீங்கள் கேட்ட வெளிநாட்டு விஷயத்தைப் பார்ப்போம், கணக்கு விளங்க அது வேண்டும்.

ரோலிங் ஸ்டோன்ஸ் ரொக் குழுவின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் 1943இல் பிறந்தவர்கள். 2024இல் ரோலிங் ஸ்டோன்ஸ் வட அமெரிக்காவைச் சுற்றி வந்தபோது அந்தச் சுற்றுக்கு அனுசரணை கொடுத்தது ஏஏஆர்பி, அதாவது ஐம்பது வயது தாண்டியவர்களுக்கான அமெரிக்க அமைப்பு. பகிடியாகத் தோன்றும், ஆனால் வியாபாரம் அங்கேதான் இருக்கிறது. இருபது வயதில் பொக்கட்டில் காசில்லாமல் வேலிக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்டவர்கள் இப்போது வீட்டுக்கடன் முடித்து, பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டு, நல்ல இருக்கைக்குக் கேட்ட விலை கொடுக்கிறார்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உங்கள் நிகழ்ச்சிக்கு வரப்போவதும் அதே வயது ஆட்கள்தான். அவர்களுக்கு வேண்டியது 1984இல் கேட்ட அதே பாட்டு. புதுப்பாட்டு ஒன்றுக்கு மேல் போடாதீர்கள்.

இசைத்தட்டு விற்ற காலத்தில் ஊர் ஊராகப் போய் வாசித்தது தட்டு விற்கத்தான். 1999க்குப் பிறகு இணையத்தில் பாட்டு இனாமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அது தலைகீழாகிவிட்டது. இப்போது பாட்டு விளம்பரம், மேடைதான் வருமானம். பிரித்தானியப் பாடகர் எல்டன் ஜோன் 2018இல் தொடங்கிய பிரியாவிடைச் சுற்று 2023 ஜூலையில் ஸ்டொக்ஹோமில் முடிந்தபோது 90 கோடி டொலருக்கு மேல் வசூலித்திருந்தது. இந்தப் பெரிய எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதே மேடையில் நின்ற எல்லாருக்கும் அது போகவில்லை. யாருக்குப் போனது என்பதைத்தான் கவனிக்கவேண்டும்.

நம் பக்கத்து வயல் முறையை வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். போடியாருக்கு வயல் சொந்தம். முல்லைக்காரர் வயலைப் பார்த்துச் செய்து பங்கு எடுப்பார். அருவி வெட்ட வந்தவருக்கு அன்றைய கூலி. பாட்டிலும் அப்படித்தான். மெட்டும் வரியும் செய்தவர் போடியார். குழுவின் பெயரும் ஒலிப்பதிவும் யார் கையில் இருக்கிறதோ அவர் முல்லைக்காரர். வாசிக்க வந்தவருக்குக் கூலி. உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் மூன்று இலட்சம் அருவி வெட்டுக் கூலி. நீங்களோ இரண்டு வயலுக்குப் போடியார், குழுப்பெயரில் ஒரு பங்குக்காரர். அதை உங்களிடம் யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

பிரித்தானியப் பாடகர் டேவிட் போவி 1997இல் தன் 25 இசைத்தட்டுகளிலிருந்து வரப்போகும் உரிமைப் பணத்தை ஈடு வைத்து 5.5 கோடி டொலர் எடுத்தார். விளைச்சலை அடகு வைத்தார், வயலை விற்கவில்லை. அமெரிக்கப் பாடகர் பொப் டிலன் 2020 டிசம்பரில் தன் பாடல் உரிமைகளை மொத்தமாக விற்றார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அடுத்த ஆண்டு விற்றார். விற்றார்களோ ஈடு வைத்தார்களோ, கையில் உரிமை உறுதிப்பத்திரம் இருந்ததால்தான் முடிந்தது.

உறுதி இல்லாதவர் கதையும் உண்டு. புரோக்கல் ஹாரம் குழு 1967இல் ‘எ வைட்டர் ஷேட் ஒஃப் பேல்’ பாடலை வெளியிட்டது. அதன் தொடக்கத்தில் வரும் ஓர்கன் இசைதான் பாட்டின் அடையாளம். அதை வாசித்த மத்தியூ ஃபிஷரின் பெயர் பாட்டாக்கியவர் இடத்தில் போடப்படவில்லை. 2005இல் வழக்குப் போட்டார். 2009 ஜூலையில், அப்போது அங்கே ஆக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரித்தானியப் பிரபுக்கள் சபை, இசைப்பங்கில் 40% அவருக்கு என்று முடித்தது. ஆனால் வழக்குப் போட்ட நாளிலிருந்துதான். அதற்கு முந்திய 38 ஆண்டு உழைப்பும் போனது போனதுதான். நீங்கள் மெட்டுப் போட்டது இரண்டு பாட்டுக்கு என்கிறீர்கள். மற்ற இரண்டில் இடையிசைக்குக் கிற்றார் மெட்டு யார் செய்தது? நீங்கள் என்றால் அதையும் இப்போதே பேசி எழுதிவிடுங்கள். நாலு பேரும் உயிரோடும் சந்தோஷத்தோடும் இருக்கும்போது அரை மணித்தியாலப் பேச்சில் முடியும் காரியம் அது.

பெயர் விஷயம் இன்னும் கூர்மையானது. ரொஜர் வோட்டர்ஸ் 1985இல் பிங்க் ஃபுளோய்ட் ரொக் குழுவை விட்டு விலகினார், பெயரை மற்றவர்கள் பாவித்தார்கள். 1987இல் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சுற்றுப்பயணம் போனது. பெயரோடு போனவர்கள் மைதானங்களை நிரப்பினார்கள். பாட்டுகளில் பெரும்பங்கை எழுதிய வோட்டர்ஸ் தன் சொந்தப் பெயரில் சின்ன அரங்குகளைக்கூட நிரப்பச் சிரமப்பட்டார். அந்த ஆண்டு முடிவில் வந்த இணக்கத்தில் குழுப்பெயரை விட்டுக்கொடுத்தாலும் ‘த வோல்’ என்ற படைப்பின் மேடை உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். 2010இல், 67 வயதில், அதை எடுத்துக்கொண்டு சுற்றத் தொடங்கி 2013 வரை சுமார் 45 கோடி டொலர் வசூல் பார்த்தார்.

உங்கள் குழுப்பெயரை ரொறன்ரோவில் இருக்கும் மூவரும் நீங்கள் இல்லாமலே போட்டு நிகழ்ச்சி நடத்தினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இப்போதைக்கு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஒரு பக்கத் தாள் போதும், அதில் நாலு விஷயம் எழுதுங்கள். தொடக்க உறுப்பினரில் எத்தனை பேர் இருந்தால் அந்தப் பெயரில் மேடையேறலாம். பெயருக்கென்று எத்தனை வீதம் ஒதுக்குவது. காலமானவரின் குடும்பத்துக்கு அதில் என்ன பங்கு. ஒருவர் நின்றுவிட்டால் அவருக்கு என்ன. கீபோர்ட்காரரின் வீட்டுக்காரியையும் கேட்டு அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அவருடைய படத்தைச் சுவரொட்டியில் போட்டு டிக்கெட் விற்றுவிட்டு அந்த வீட்டுக்கு ஒரு சதமும் கொடுக்காமல் விட்டால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

இனிக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஏற்பாட்டாளரிடம் உண்மையான எண்களை வாங்கி இதே வரிசையில் போட்டுப் பாருங்கள். டிக்கெட் 40 கனேடிய டொலர். மண்டபம், சவுண்ட், லைட் 5,500. விளம்பரம் 1,000. உங்கள் விமான டிக்கெட் 2,000. தங்குமிடம், சாப்பாடு 700. மொத்தம் 9,200. இதோடு கனடாவில் பாடல் உரிமை திரட்டும் சோக்கன் அமைப்புக்கு டிக்கெட் வசூலில் 3%. மிஞ்சுவதில் 85% மேடையேறியவர்களுக்கு, 15% ஏற்பாட்டாளருக்கு. இது மேற்கே பரவலாக உள்ள பங்கு முறை. நாலு பேரும் சமனாகப் பிரித்தால், டொலருக்கு 215 ரூபாய் என்று வைத்து, 400 பேர் வந்தால் உங்களுக்கு 1,343 டொலர், சுமார் 2 இலட்சத்து 89 ஆயிரம். 600 பேர் வந்தால் 2,992 டொலர், சுமார் 6 இலட்சத்து 43 ஆயிரம். 250 பேர்தான் வந்தார்கள் என்றால் 106 டொலர், 23 ஆயிரம் ரூபாய்கூட இல்லை.

பார்த்தீர்களா? 400 பேருக்கு மூன்று இலட்சம் நியாயமான தொகை. 250 பேர் என்றால் ஏற்பாட்டாளர் கையைச் சுட்டுக்கொள்வார், 600 பேர் என்றால் நீங்கள் மூன்று இலட்சத்துக்கு மேல் விட்டுக்கொடுக்கிறீர்கள். அதனால் கேட்கவேண்டியது இதுதான்: ‘மூன்று இலட்சம் நிச்சயம், அல்லது பங்குக் கணக்கில் வருவது, இரண்டில் எது கூடவோ அது.’ இப்படிக் கேட்பது பேராசை இல்லை, இந்தத் தொழிலில் வழமையான ஒப்பந்த முறை. பங்குக் கணக்கு என்றால் விற்ற டிக்கெட்டின் கணக்கு வேண்டும். இணையத்தில் விற்றதன் பட்டியல், வாசலில் விற்றது, இனாமாகக் கொடுத்தது மூன்றையும் தனித்தனியே நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே காட்டவேண்டும் என்று எழுதுங்கள். கணக்குக் குழம்புவது பெரும்பாலும் இனாம் டிக்கெட்டில்தான். அனுசரணையாளர், வர்த்தகர், மாமன், மச்சான் என்று முன்வரிசை முழுக்கப் போய்விடும். 5%க்கு மேல் இனாம் இல்லை என்று மட்டுப்படுத்துங்கள். அனுசரணைக் காசும் வசூலில் சேரவேண்டும்.

நிச்சயத் தொகையில் பாதியை விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வாங்குங்கள், மீதியை மேடையேறும் முன். ‘வாங்கோ அண்ணன், இங்க வந்து பாப்பம்’ என்ற பேச்சுக்கு விமானம் ஏறாதீர்கள்.

வரி, விசா பற்றிப் பலர் வாய் திறப்பதில்லை. கனடாவில், அங்கே குடியிருக்காத ஒருவருக்கு அங்கே செய்த வேலைக்குக் கொடுக்கும் கட்டணத்தில் 15% பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். பிடிக்காமல் விட்டால் ஏற்பாட்டாளர்தான் பொறுப்பு. இந்தப் பிடிப்பிலிருந்து விலக்குக் கேட்கவும் வழி உண்டு, நிகழ்ச்சிக்கு ஆகக்குறைந்தது 30 நாள் முன் விண்ணப்பம் போகவேண்டும். பிடித்தால் ரி4ஏ-என்ஆர் என்ற சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். பிரித்தானியாவில் வெளிநாட்டுக் கலைஞருக்குப் பிடிக்கும் வீதம் 20%. ஆண்டுக்கு 12,570 பவுணுக்குள் என்றால் பிடிப்பு இல்லை. இங்கே இலங்கையில் 2025/26 வரியாண்டிலிருந்து ஆண்டு வருமானம் 18 இலட்சம் வரை தனிநபர் வரி விலக்கு உண்டு. பணத்தை வங்கியூடாகவே கொண்டுவாருங்கள், அடுத்த விசா விண்ணப்பத்துக்கு அந்த வங்கிக் கூற்றுத்தான் உங்கள் சாட்சி.

விசாவில் ‘சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறேன்’ என்று எழுதிவிட்டு மேடையில் நிற்பது வேண்டாம். சுவரொட்டி முகநூலில் இருக்கும், எல்லையில் தேடிப் பார்ப்பார்கள், ஒருமுறை பிடிபட்டால் அடுத்த பயணங்களும் போய்விடும். கனடாவில் குறுகிய காலத்துக்கு வந்து மேடையேறும் வெளிநாட்டுக் கலைஞருக்கு வேலை அனுமதி தேவைப்படாத நிலைமைகள் உண்டு, ஆனால் மதுபானசாலை, உணவகத்தில் தொடர்ந்து வாசிப்பது அதில் அடங்காது. வருகையாளர் விசா எப்படியும் வேண்டும், ஒப்பந்தத்தின் பிரதியை அதோடு கொடுங்கள். பிரித்தானியாவில் 2024 ஜனவரி கடைசியிலிருந்து சாதாரண வருகையாளர் விசாவிலேயே கட்டணம் பெறும் நிகழ்ச்சி செய்யலாம். அது புறப்படு முன்னரே ஒழுங்காகியிருக்க வேண்டும், போய் 30 நாளுக்குள் முடியவேண்டும், அழைப்பு அங்குள்ள கலை அல்லது பொழுதுபோக்கு நிறுவனம், முகவர், ஒலிபரப்பாளர் யாராவது ஒருவரிடமிருந்து வரவேண்டும். மச்சானின் கடிதம் காணாது.

பயணக் காப்புறுதியை ஏற்பாட்டாளர் எடுக்கட்டும், ஆனால் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். சீனி, பிரசர் இருந்தால் மறைக்கவேண்டாம். மறைத்துவிட்டு ஆஸ்பத்திரி பில் வந்தால் நிறுவனம் கட்டாது, கனடிய ஆஸ்பத்திரியில் ஓரிரவு உங்கள் மூன்று இலட்சத்தைத் தின்றுவிடும். 2019இல் ஜாகருக்கு இருதய வால்வு மாற்றியபோது ரோலிங் ஸ்டோன்ஸ் சுற்றே தள்ளிப்போனது. வயதான பெரிய குழுக்கள் இப்போது பெரும்பாலும் காப்புறுதியோடுதான் திகதி போடுகின்றன.

மேடையில் சினிமாப் பாட்டும் பாடுவீர்கள்தானே? 2017இல் அமெரிக்கச் சுற்றின் நடுவில் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு இளையராஜா பக்கத்திலிருந்து, அவர் பாட்டை அனுமதியில்லாமல் பாடக்கூடாது என்று வழக்கறிஞர் கடிதம் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். உரிமைக்கட்டணம் கட்டுவது ஏற்பாட்டாளரின் கடமை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். இதே கட்டணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கனடாவில் 3%, பிரித்தானியாவில் சுமார் 4% டிக்கெட் வசூலிலிருந்து பாட்டாக்கியவர்களுக்கென்று எடுக்கிறார்கள். அன்று உங்கள் சொந்தப் பாட்டு இரண்டை வாசித்தால், பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, நீங்கள் ஏதாவது ஓர் உரிமை அமைப்பில் பதிந்தும் இருந்தால், அதில் ஒரு துண்டு உங்களுக்கு வரும். சின்னத் தொகைதான், ஆனால் ஒவ்வொரு மேடைக்கும் வரும்.

அந்த நாலு பாட்டையும் பற்றி. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பாட்டாக்கியவரின் உரிமை அவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும். இருவர் சேர்ந்து செய்ததென்றால் கடைசியாக மறைபவரிலிருந்து எண்ணவேண்டும். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு, நிரூபிக்கத்தான் சாட்சி வேண்டும். எனவே வரி, மெட்டு, இடையிசை யார் யார், எந்த ஆண்டு என்று எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள்.

பழைய கசற்றின் ஒலிப்பதிவு அதை வெளியிட்ட கடைக்காரருக்கு உரியதாக இருக்கலாம். சண்டை வேண்டாம், திரும்பப் பதியுங்கள். டெஃப் லெப்பர்ட் குழு தன் நிறுவனத்தோடு கொழுவிக்கொண்டபோது 2012இல் பழைய பாட்டுகளை அச்சொட்டாகத் திரும்ப வாசித்துத் தாங்களே வெளியிட்டது. நீங்களும் ரொறன்ரோவுக்கு எப்படியும் போகிறீர்கள், நாலு பேரும் ஒரே இடத்தில். நிகழ்ச்சிக்கு அடுத்த நாள் ஒரு ஸ்ரூடியோவில் ஆறு மணித்தியாலம் எடுத்தால் நாலு பாட்டும் முடியும். முன்னோட்டமாகக் கேட்க அந்தக் கசற்றை இங்கேயே கணினிக்கு மாற்றிவிடுங்கள். வாவிக்காற்றில் நாற்பது ஆண்டு கிடந்த நாடாவில் பூஞ்சணம் இருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், வெள்ளைத் தூள் தெரிந்தால் நல்ல பிளேயரில் போடவேண்டாம். உள்ளே இருக்கும் கம்பளித் துண்டு விழுந்திருந்தால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றவேண்டும். பிளேயரின் தலையை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்து, நாடாவை ஒருமுறை முழுக்கச் சுற்றி எடுத்து, ஒருதரம்தான் ஓடும் என்று நினைத்து 24 பிட்டில் பதியுங்கள். சத்தம் மங்கலாக இருந்தால் தலையின் சாய்வுத் திருகாணியை மெல்லத் திருப்ப, ‘ஸ்’ ஓசை தெளிவாகும் இடம் ஒன்று வரும். கணினியில் எத்தனை வடிகட்டி போட்டாலும் அந்தத் தெளிவு வராது.

மருமகன் சொல்வது பாதி சரி. யூடியூப்பில் விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். சினிமாப் பாட்டை வாசித்துப் போட்டால் பார்வை உங்களுக்கு, விளம்பரக் காசு பெரும்பாலும் உரிமையாளருக்கு. ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் ஒரு சதமும் இல்லை, அதைத் தாண்டினாலும் ஆயிரத்துக்கு மூன்று நாலு டொலர் அளவில்தான். யூடியூப்பில் சேர்ந்தால் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்ப மறக்கவேண்டாம். நிரப்பாமல் விட்டால் உலகம் முழுவதிலுமிருந்து வரும் வருமானத்திலும் 24% வரை பிடிப்பார்கள். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளரிடமிருந்து வருவதில் மட்டும்தான், அதுவும் இரு நாட்டு வரி உடன்படிக்கையில் உள்ள குறைந்த வீதத்தில். இதை வருமானமாக நினைக்காமல் விளம்பரப் பலகையாக வைத்துக்கொள்ளுங்கள். பாசிக்குடா ஹோட்டல் முகாமையாளருக்கு அனுப்ப மூன்று நிமிட வீடியோ ஒன்று, சத்தம் சுத்தமாக, முகம் தெரிய. அது போதும்.

அப்படியே தனி வாசிப்புக்கு வருகிறேன், ஆண்டு முழுக்க உங்களுக்குச் சோறு போடப்போவது அதுதான். ஸ்பிரிங்ஸ்டீன் 2017 ஒக்டோபர் முதல் 2018 டிசம்பர் வரை நியூயோர்க்கில் ஆயிரம் இருக்கைகூட இல்லாத அரங்கில் ஒரு கிற்றார், ஒரு பியானோ, தன் கதை என்று 236 நிகழ்ச்சி செய்தார். யெஸ் குழுவில் கீபோர்ட் வாசித்த ரிக் வேக்மன் பியானோவும் பகிடியுமாக ஊர் ஊராகப் போகிறவர். இதில் செலவு ஆளும் வாகனமும் மட்டும்தான், பிரிக்கவும் ஆளில்லை. ‘சின்ன மேடை’ என்று நினைக்காதீர்கள். ஐந்து பேர் குழுவுக்கு ஒன்றரை இலட்சம் கிடைத்து, சவுண்டும் வானும் 60 ஆயிரம் எடுத்தால், ஆளுக்கு 18 ஆயிரம். தனியே 25 ஆயிரத்துக்குப் போய் 4 ஆயிரம் செலவழித்தால் 21 ஆயிரம் கையில், ஒத்திகைச் சண்டையும் இல்லை.

பாசிக்குடாப் பருவம் ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை, அறுகம்பே மே தொடங்கி ஒக்டோபர் வரை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை நம் பக்கம் மழை, அப்போது மண்டபத்துக்குள் நடக்கும் கிறிஸ்மஸ், 31ஆம் திகதி இரவு, கலியாண வரவேற்புகள். கல்லடியிலிருந்து பாசிக்குடா சுமார் 35 கிலோமீற்றர், இரவே திரும்பலாம். அறுகம்பே நூறுக்கு மேல், இரவு அறை சேர்த்துப் பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓரிரவு விலையில் பிடிவாதம் பிடிப்பதைவிட, கிழமைக்கு இரண்டு இரவு, இருபது கிழமை என்று பருவம் முழுக்க எழுதி வாங்குவது நல்லது, அதற்காக விலையில் கொஞ்சம் இறங்கலாம். 45 நிமிடம் இரண்டு தரம், நடுவில் சாப்பாடு. 48 மணித்தியாலத்துக்குள் நிறுத்தினால் பாதிக் கட்டணம். காசு கிழமைக்குக் கிழமை. ‘மாத முடிவில் பில் போடுங்கள்’ என்றால் பருவம் முடிந்தபின்தான் பார்க்கலாம். இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கிக்கு 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றக் கட்டளையிலிருந்து தடை இருப்பதால் வாசிப்பை 9.45க்கு முடியுங்கள்.

சாமான் அதிகம் வேண்டாம்: பிக்கப் உள்ள அக்கூஸ்டிக் கிற்றார், ஆறு சனல் மிக்சர், 10 அங்குல அக்டிவ் ஸ்பீக்கர் இரண்டு, மைக் இரண்டு, கிற்றார் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் ஒரு டிஐ பெட்டி. கடற்காற்றில் கம்பி இரண்டு கிழமையில் கறுத்துவிடும், ஒவ்வொரு முறையும் துடையுங்கள். இதில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கடற்கரைப் புல்லில், வெளியே இழுத்த வயரில், எர்த் இல்லாத பிளக்கில் வாசிக்காதீர்கள். 1972இல் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிற்றார்காரர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிர்விட்டார். கம்பியில் கை, மைக்கில் உதடு, காலில் ஈரம். மின்சாரத்துக்கு அதைவிட நல்ல பாதை கிடைக்காது. வாசிக்கு முன் பிளக்கைச் சோதியுங்கள், ட்ரிப் சுவிட்ச் உள்ள சொந்த எக்ஸ்டென்ஷனையே பாவியுங்கள். ஜெனரேட்டர் மாறும்போது மிக்சர் எரியாமலிருக்க ஒரு சின்ன யூபிஎஸ்.

ஊரிலும் பெரிய மேடை வேண்டுமென்றால் அமெரிக்காவில் டேர்ட்டில்ஸ் குழு முன்னின்று 2010இலிருந்து ஆண்டுதோறும் நடத்திய ‘ஹப்பி டுகெதர்’ சுற்று முறையைப் பாருங்கள். ஐந்தாறு பழைய குழுக்களின் பாடகர்கள், எல்லாருக்கும் ஒரே பின்னணி வாத்தியக்குழு, ஒருவருக்கு நாலைந்து பிரபலப் பாட்டு மட்டும். சவுண்ட் ஒன்று, ட்ரம்ஸ் ஒன்று, வாகனம் ஒன்று. மட்டக்களப்பு, கல்முனை, காரைதீவுப் பழைய கோஷ்டிகளில் மிஞ்சியிருப்பவர்களைச் சேர்த்து மண்டபத்துக்குள் இப்படி ஒன்று செய்தால், தனித்தனியே எவருக்கும் கட்டாத செலவு ஆறாகப் பிரிந்துவிடும். பின்னணிக்கு விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வெளியேறிய பிள்ளைகளைக் கேளுங்கள், வாசிப்பும் இருக்கும், நோட்டேஷனும் வாசிப்பார்கள். டிக்கெட் போட்டால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ களியாட்ட வரி கட்டி முத்திரை வாங்கவேண்டும், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் காது தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100இல் கால் மணித்தியாலம். ஏசி/டிசி ரொக் குழுவின் பாடகர் பிரையன் ஜோன்சன் 2016இல் காது போய்விடும் என்று வைத்தியர் சொல்லி நடுச்சுற்றில் பாடுவதை நிறுத்தினார். இசைக்காரருக்கான காதடைப்பான் 15 டெசிபல் குறைக்கும், ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறீர்கள் என்பதால் ரொறன்ரோவுக்கு அது கட்டாயம். பாடகருக்கும் வயது போய்விட்டது, பாட்டுகளை ஒரு சுருதி இறக்குவதை இப்போதே வட்ஸ்அப்பில் பேசி முடிவெடுத்தால் விரலை அதற்குப் பழக்கலாம். அங்கே போய் மாற்றினால் இடையிசை முழுக்கத் தடுமாறும். நம்மவர் நிகழ்ச்சி நாலு மணித்தியாலம் இழுக்கும், உங்கள் பங்கு இடைவேளையோடு இரண்டு மணித்தியாலம் என்று எழுதுங்கள். ஃபில் கொலின்ஸ் தன் கடைசிச் சுற்றுகளில் கதிரையில் இருந்துதான் பாடினார், ஒருவரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. உங்களுக்கும் ஒரு கதிரை கேளுங்கள்.

அம்ப் கொண்டுபோகவேண்டாம். இங்கே 230 வோல்ட், கனடாவில் 120, உங்களது அங்கே வேலை செய்யாது. அம்பை ஏற்பாட்டாளர் வாடகைக்கு எடுக்கட்டும், எந்த வகை என்று ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் எழுதிக் கொடுங்கள். பெடல்களுக்கு 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் 9 வோல்ட் அடப்டர் இங்கேயே வாங்கி, பிளக் மாற்றியோடு கையில் கொண்டுபோங்கள்.